மூன்றாவது வாரத்தில் முறியும் மளிகைக் கணக்கு

கல்லூரியில் முப்பத்தோராண்டுகள் நுகர்வோர் நடத்தைக் கோட்பாட்டைப் பாடமாக நடத்தியவன் நான். சமநோக்கு வளைகோடு எந்தப் புள்ளியில் விலைக்கோட்டைத் தொடுகிறதோ, அந்தப் புள்ளியில் ஒரு குடும்பத்தின் மனநிறைவு உச்சத்தை அடைகிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால், அறுபதைத் தாண்டிய வயதில் ஓர் இரண்டு பேர் குடும்பத்தின் மளிகைச் செலவை ஒரு மாதத்துக்குள் அடக்க என்னால் முடியவில்லை.

மகளின் பிரசவத்துக்காக என் துணைவியார் கோவைக்குச் சென்றிருந்த ஐந்து மாதங்களில் இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது. வடமதுரை வீட்டில் நானும் வயது முதிர்ந்த என் தாயாரும் மட்டுமே. மளிகை, காய்கறி, பால் மூன்றுக்கும் சேர்த்து மாதம் ஏழாயிரம் ரூபாய் போதும் எனக் கணக்கிட்டேன். ஒரு புதிய நோட்டுப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டு, நாள்தோறும் செலவை எழுதினேன். முதல் மாதம் தொள்ளாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. இரண்டாவது மாதம் ஆயிரத்து நானூறு. மூன்றாவது மாதம் வைராக்கியமாக ஏழாயிரத்துக்குள் முடித்தேன். அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் எங்கள் வீட்டில் பருப்பு வேகவே இல்லை என்பதை என் தாயார்தான் சுட்டிக்காட்டினார்.

ஊர் திரும்பிய துணைவியார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத்தான் சொன்னார். "நீங்க பணத்துக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க. நான் வயித்துக்குக் கணக்குப் போடுவேன்." அவருடைய பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் ரூபாய் எல்லாம் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பெரிய எழுத்தில் இருந்தவை அளவுகள்: துவரம் பருப்பு இவ்வளவு, உளுந்து இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு.

இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடும்பங்கள் செலவைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் தவிக்கின்றன என்றும், சிக்கனமும் ஒழுங்கும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நிதி ஆலோசகர்கள் சொல்லி வருகிறார்கள். ஒழுங்கு தேவைதான். ஆனால், எதை ஒழுங்குபடுத்துவது என்று தெரியாத ஒழுங்கு, கடைசியில் சாப்பாட்டுத் தட்டில்தான் கை வைக்கிறது.

உணவுச் செலவைப் பற்றிய முதல் பொருளாதார விதியை 1857-இல் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஏங்கல் வகுத்தார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்த அவர், வருமானம் உயர உயர அதில் உணவுக்காகச் செலவிடப்படும் விகிதம் குறைகிறது என்று கண்டார். ஒரு நாட்டின் வளத்தை அறிய அந்நாட்டுக் குடும்பங்கள் உணவுக்குச் செலவிடும் பங்கைப் பார்த்தால் போதும் என்பது அதன் உட்பொருள்.

இந்தியாவும் இந்த விதிக்கு உட்பட்டே நடந்துவந்தது. 1999-2000-இல் கிராமப்புறக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் 59 விழுக்காட்டுக்கு மேல் உணவுக்கே சென்றது. 2022-23-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவின ஆய்வின்படி அது 46.38 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால், அடுத்த ஆண்டே, 2023-24 ஆய்வில், அது 47.04 விழுக்காடாகச் சற்றே உயர்ந்தது. நகர்ப்புறத்திலும் 39.17-இலிருந்து 39.68 விழுக்காடாக ஏறியது. உயர்வு சிறிதுதான். இருப்பினும், கீழ்நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு கோடு திரும்பிப் பார்ப்பதை நாம் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

தமிழகக் கிராமப்புறத்தில் ஒரு நபரின் சராசரி மாத நுகர்வுச் செலவு 2022-23-இல் 5,310 ரூபாய். அகில இந்தியக் கிராமப்புறச் சராசரியான 3,773 ரூபாயைவிட இது வெகுவாக அதிகம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 21,240 ரூபாய் எனக் கொண்டு, அகில இந்திய விகிதத்தையே பொருத்தினால், உணவுக்கு மட்டும் ஏறத்தாழ 9,800 ரூபாய் ஆகிறது. சராசரி என்பது பலருக்குப் பொருந்தாத சட்டை என்பதை மறந்துவிடலாகாது. சராசரிக்குக் கீழே இருக்கும் குடும்பத்தில் மொத்தச் செலவு குறைவு. ஆனால், உணவின் பங்கு அதிகம். விலை ஏறும்போது வேறு எந்தச் செலவையும் வெட்ட இடமில்லாத குடும்பம் அதுதான்.

இனி, மாதக் கணக்கு ஏன் முறிகிறது என்பதைப் பார்ப்போம்.

முதல் காரணம், வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை என்பதே. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிக் கிராமங்களின் பொருளாதாரத்தை ஆராயச் செய்தார். 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பெயரில் 1918-இல் அது நூலாக வந்தது. அதைப் பின்பற்றி நானும் என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் அவரவர் வீட்டின் மாதச் செலவுக் கணக்கை எழுதி வரச் சொல்வதுண்டு. ஓராண்டு வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் வெற்றுத் தாளுடன் எழுந்து நின்றார். "சார், எங்க வீட்ல மாசக் கணக்கே கிடையாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் கணக்கு" என்றார். வகுப்பில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். அரசு ஊதியம் பெற்றுவந்த எனக்கு அன்றுதான், 'மாத பட்ஜெட்' என்ற சொற்றொடரே மாதச் சம்பளக்காரர்களின் மொழி என்பது உறைத்தது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெண்மணி நூற்பாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய சம்பளம் மாதம் ஒருமுறை. கணவர் கட்டட வேலை செய்கிறார். வேலை இருக்கும் வாரத்தில் சனிக்கிழமை கூலி கிடைக்கும், மழை பெய்தால் அதுவும் இல்லை. சம்பளம் வந்ததும் முந்தைய மாதப் பற்று நோட்டை அடைப்பதற்கே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு எண்ணெயை அரை லிட்டராகவும், மிளகாய்த் தூளைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாகவும் வாங்குகிறார். மொத்தமாக வாங்கினால் மிச்சமாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மொத்தமாக வாங்குவதற்கு ஒரு தொகை ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். அந்தத் தொகை இல்லாததற்கு அவர் செலுத்தும் அபராதம்தான் சில்லறைப் பொட்டலத்தின் கூடுதல் விலை.

வரவு சிறிதானாலும் குற்றமில்லை, செலவு அகலாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் நமக்குச் சொன்ன பொருளியல். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், வரவு வரும் நாளும் செலவு வரும் நாளும் ஒன்றையொன்று சந்திக்காதபோது, வாய்க்கால் குறுகலாக இருந்தும் வயல் காய்கிறது.

இரண்டாவது காரணம், விலைகளின் ஆட்டம். 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடு, உணவுப் பணவீக்கமோ 11.51 விழுக்காடு. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் மறுபடியும் 10.87 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த ஓராண்டில், 2025 அக்டோபரில், சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடாக வீழ்ந்தது. உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 5.02 விழுக்காடு குறைந்தது. ஓராண்டு பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம், மறு ஆண்டு ஐந்து விழுக்காடு இறக்கம். இப்படி ஆடும் தரையில் எந்தக் குடும்பம் கோடு கிழித்து நிற்க முடியும்?

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதே 2025 அக்டோபரில் காய்கறியும் பருப்பும் மலிந்திருந்தன. சமையல் எண்ணெயின் விலையோ பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. 'விலைவாசி குறைந்துவிட்டது' என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு எண்ணெய் வாங்கப் போகும் இல்லத்தரசி, அரசு பொய் சொல்கிறது என்றுதான் நினைப்பார். அரசு பொய் சொல்லவில்லை. சராசரி உண்மையைச் சொல்கிறது. அடுப்படியில் சராசரி வேகுவதில்லை.

விலை ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்க விரும்புவோர் எங்கள் ஊரிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவில் இருக்கும் அய்யலூருக்கு வரலாம். அங்கே தக்காளிச் சந்தை கூடுகிறது. வரத்து மிகுந்த நாள்களில் பெட்டியை விற்ற காசு பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதாமல், பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன விவசாயிகளை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பண்ணைப் பசுமைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சின்ன வெங்காயத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே.

பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர். நிக்கோலஸ் கால்டார் 1934-இல் சூட்டிய பெயர் அது. விலை ஏறிய பருவத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிரை நடுகிறார்கள். அறுவடைக்கு வரும்போது விலை சரிகிறது. சரிந்த விலையைப் பார்த்து அடுத்த பருவம் யாரும் நடுவதில்லை. விலை மறுபடியும் ஏறுகிறது. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குச் சேர்வது ஏறத்தாழ 33 காசு, வெங்காய விவசாயிக்கு 36 காசு என்று 2024-இல் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் கூறுகிறது. வாங்குபவரின் கணக்கும் முறிகிறது, விளைவித்தவரின் கணக்கும் முறிகிறது. ஆகவே, காய்கறி விலையைப் பற்றிப் பேசும்போது விவசாயியை எதிரியாக நிறுத்துவது அறியாமை.

மூன்றாவது காரணம் கடல் கடந்தது. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்கு மேல் தடைசெய்தபோது, வடமதுரை பஜாரில் எண்ணெய் விலை பேச்சாயிற்று. 2024 செப்டம்பரில் உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளைக் காக்கும் நோக்கில், கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதி வரியை மத்திய அரசு 5.5-இலிருந்து 27.5 விழுக்காடாக உயர்த்தியது. விலையேற்றத்துக்குப் பின் 2025 மே இறுதியில் அதை 16.5 விழுக்காடாகக் குறைத்தது. இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் உண்டு. ஆனால், ஜகார்த்தாவிலும் தில்லியிலும் எடுக்கப்படும் முடிவுகள் ஒரு குடும்பத்தின் தாளிப்புக் கரண்டியில் வந்து இறங்குகின்றன. அந்தக் குடும்பத்திடம் சென்று, 'திட்டமிட்டுச் செலவு செய்' என்று மட்டும் சொல்வது அறிவுரையாகாது.

நான்காவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அது பொட்டலத்தின் எடை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை கொண்டது. பழக்கத்தின் காரணமாக நாம் 'ஒரு லிட்டர் பாக்கெட்' என்று கேட்டு வாங்குவதில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் எனப் பல அளவுகள் கலந்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய், 800 கிராம் பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பத்து ரூபாய் மலிவு என்று கை அதை நோக்கித்தான் போகும். கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது 165 ரூபாய், இரண்டாவது 175 ரூபாய். மலிவென்று வாங்கியது பத்து ரூபாய் விலை கூடுதல். மாத நடுவில் எண்ணெய் தீர்ந்துபோகும்போது, வீட்டில் யாரோ அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று பழி விழுகிறது.

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2021-இல் திருத்தப்பட்டபோது, இன்னின்ன பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்ற பழைய அட்டவணை நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால், அதைப் படிக்க என் வயதுக்காரர்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. நூற்பாலை வேலை முடித்து இரவில் அவசரமாகக் கடைக்கு வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உரிமை அச்சில் இருக்கிறது. பயன் கைக்கு வரவில்லை.

இவை அனைத்துக்கும் மேலாக, மனத்தின் சுமை ஒன்று இருக்கிறது. ஏழைகள் பொறுப்பின்றிச் செலவு செய்கிறார்கள் என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2013-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடத்தப்பட்டதுதான். செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாதபோது ஒருமுறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்த பிறகு ஒருமுறையும் சிந்தனைத் திறன் தேர்வுகளுக்கு உட்படுத்தினர். அதே மனிதர்கள்தான்; பணம் வந்த பின் தேர்வில் சிறப்பாகச் செய்தார்கள். பற்றாக்குறை வெறும் பையை மட்டும் காலியாக்குவதில்லை. திட்டமிடும் ஆற்றலையும் தின்றுவிடுகிறது. எனவே, பணமில்லாதவர் திட்டமிடவில்லை என்று குறை கூறுவது, கால் ஒடிந்தவர் ஓடவில்லை என்று குறை கூறுவதற்கு ஒப்பாகும்.

சரி, கணக்கு முறிந்தால் என்ன கெட்டுவிடும்? என் மூன்றாவது மாதத்தில் நடந்ததுதான் எங்கும் நடக்கிறது. வாடகை, மின்கட்டணம், தவணை ஆகியவை அசையாதவை. அசைக்கக் கூடியது உணவு மட்டுமே. உணவிலும் அரிசி குறைவதில்லை. தமிழகத்தில் அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷனில் அது விலையின்றிக் கிடைக்கிறது. எண்ணெயும் குறைவதில்லை, நாக்கு விடாது. குறைவது பருப்பு, முட்டை, பால், கீரை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராமும், எண்ணெய் மற்றும் கொழுப்பு 27 கிராமும் போதுமானவை. நால்வர் குடும்பம் சைவமாக இருந்தால், மாதம் பத்து கிலோ பருப்பும் மூன்றேகால் கிலோ எண்ணெயும் என்று கணக்கு வருகிறது. நம்மில் எத்தனை வீடுகளில் பத்து கிலோ பருப்பு வாங்குகிறோம்? எண்ணெயோ தலைகீழ். நீதி ஆயோக்கின் 2024 அறிக்கை, நாட்டில் ஒரு நபரின் ஆண்டுச் சமையல் எண்ணெய் நுகர்வு 19.7 கிலோவை எட்டிவிட்டது என்கிறது. நாளொன்றுக்கு அது 54 கிராம். தேவையைப் போல இரு மடங்கு. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல், வெட்டக் கூடாத இடத்தில் வெட்டுகிறோம்.

2022-23 ஆய்வில் இந்தியக் கிராமப்புறக் குடும்பங்கள் தானியங்களுக்குச் செலவிட்டது ஏறத்தாழ 5 விழுக்காடு. பானங்கள், பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கு 9.6 விழுக்காடு. வெளியில் குடிக்கும் தேநீரும் பிள்ளைகளின் நொறுக்குத் தீனிப் பொட்டலங்களும் இதற்குள் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், நொறுக்குத் தீனி ஆகியவற்றுக்கான சரக்கு-சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மலிந்தது நல்லதே எனினும், மலிந்த பண்டம் எந்தப் பண்டத்தின் இடத்தைப் பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. எனினும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டுக்கும் மூன்றாவது வாரத்தில் தீரும் பருப்பு டப்பாவுக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் குடும்பங்கள் என்ன செய்யலாம்? துணைவியாரின் நோட்டிலிருந்தும் என் தோல்வியிலிருந்தும் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, ரூபாயில் தொடங்காமல் அளவில் தொடங்க வேண்டும். தலைக்கு இவ்வளவு பருப்பு, இவ்வளவு பால், வாரத்துக்கு இத்தனை முட்டை என்று முதலில் எழுதிவிட்டு, அதை வெட்டக் கூடாத பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத் தீனி, பாக்கெட் பொடிகள். பணம் போதாவிட்டால் கத்தி இரண்டாவது பட்டியலில்தான் விழ வேண்டும்.

இரண்டாவதாக, மளிகையையும் காய்கறியையும் ஒரே பையில் போடக் கூடாது. உலர் சாமான்களுக்கு மாதக் கணக்கு பொருந்தும். காய்கறிக்கு வாரக் கணக்குதான் சரி. மளிகையில் அளவை நிலையாக வைத்து விலை மாறுவதை ஏற்கலாம். காய்கறியில் தொகையை நிலையாக வைத்துக் காய் மாறுவதை ஏற்கலாம். தக்காளி நூறு ரூபாய் விற்கும் வாரத்தில் புளி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் முருங்கைக் கீரைக்குப் பஞ்சமில்லை. என் தாயாருக்குத் தெரிந்த இந்தப் பதிலீட்டு விளைவை நான் நூல்களில் படித்து முனைவர் பட்டம் வாங்கினேன்.

மூன்றாவதாக, முடிந்தவர்கள் மாதத் தொகையில் பத்தில் ஒரு பங்கை விலையேற்றத்துக்கென்று ஒதுக்கி, செலவாகாத மாதத்தில் அதைத் தொடாமல் வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் புளி, மிளகாய், பருப்பு ஆகியவற்றை மொத்தமாக வாங்கி வெயிலில் காயவைத்து அடைக்கும் வழக்கத்துக்கு அந்தச் சேமிப்பே முதலீடாகும். அதுவும் முடியாதவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, விலையைப் பார்க்கும் கண் எடையையும் பார்க்க வேண்டும். தொலைபேசியில் குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்தும் வசதி இன்று எங்கள் ஊர்க் கீரைக்காரம்மாவின் கூடை வரை வந்துவிட்டது. வசதிதான், ஆனால், நோட்டு கைமாறும்போது மனத்தில் விழும் கீறல் அதில் விழுவதில்லை. செலுத்திய தொகையை அன்றைக்கே நோட்டில் எழுதுவது ஒன்றே அதற்கு மாற்று.

குடும்பம் செய்யக் கூடியது இவ்வளவுதான். மீதி அரசின் கையில் இருக்கிறது. தமிழகம் இதில் நாட்டுக்கே முன்னோடி. 2007-இல் தொடங்கப்பட்ட சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வருகின்றன. வெளிச்சந்தையில் விலை எவ்வளவு ஆடினாலும் ஆடாத இரண்டு எண்கள் அவை. ஆனால், 2024 கோடையில் இந்த இரு பொருள்களின் வரத்து தாமதமாகி, மே மாதப் பங்கை ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. நிர்வாகத்துக்கு அது ஒரு மாதத் தாமதம். அந்தப் பருப்பை நம்பி மாதத்தை ஓட்டும் வீட்டுக்கு, அந்த மாதம் திரும்பி வருவதில்லை. ஆகவே, மலிவு விலை மட்டும் போதாது. குறித்த நாளில் கிடைப்பதும் உரிமையாக வேண்டும். பருப்பின் அளவை ஒரு கிலோவிலிருந்து இரண்டாக உயர்த்துவது பற்றியும் சிந்திக்கலாம். பாமாயிலைவிடப் பருப்புக்குச் செலவிடும் மானியம் பலன் மிகுந்தது.

பணம் வரும் நாளும் முக்கியம் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாத நடுவில் வரவு வைக்கப்பட்டது. அந்தத் தேதி அண்ணாவின் பிறந்தநாளையொட்டி அமைந்ததாக இருக்கலாம். ஆனால், முன்பு நான் குறிப்பிட்ட நூற்பாலைப் பெண்மணி ஒருநாள் கடை வாசலில் சொன்னார்: "பதினஞ்சாம் தேதிக் காசு விழுந்தாத்தான் சார் எங்க வீட்ல மறுபடியும் பருப்பு." முதல் தேதியில் வந்திருந்தால் அந்த ஆயிரம் பழைய பாக்கியில் கரைந்திருக்கும். முறியும் இடத்தில் வந்து விழுந்ததால் அது உணவாயிற்று.

இவற்றுடன், பொட்டலத்தில் அலகு விலையைப் பெரிய எழுத்தில், தமிழில், முன்பக்கத்தில் அச்சிடச் செய்யலாம். எண்ணெய், பருப்பு போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு மட்டுமாவது நிலையான எடை அளவுகளை மீண்டும் கட்டாயமாக்கலாம். தக்காளி விளையும் அய்யலூர், ஒட்டன்சத்திரம் போன்ற இடங்களில் குளிர்பதனக் கிடங்குகளையும் கூழாக்கும் ஆலைகளையும் விவசாயிகளின் கூட்டமைப்புகளே நடத்த உதவலாம். இவற்றில் எதுவும் புதிய யோசனையில்லை. ஆனால், இவை விவசாயத் துறையின் கோப்பிலோ நுகர்வோர் துறையின் கோப்பிலோ தனித்தனியாகக் கிடக்கின்றன. இவை எல்லாம் வந்து சேரும் ஒரே இடம் வீட்டின் மளிகை நோட்டு. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொள்கை வகுக்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மளிகைக் கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். அளவை அவர் எழுதுகிறார். விலையை நான் எழுதுகிறேன். சென்ற மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாகச் செலவாயிற்று. எண்ணெய் அரைக் கிலோ மிச்சம் இருந்தது. பருப்பு முப்பதாம் தேதி வரை இருந்தது. என் பழைய நோட்டின்படி அது தோல்வி அடைந்த மாதம். என் தாயாரோ அதைப் பற்றிக் குறையேதும் சொல்லவில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).